அடிக்கட்டையில் பூக்கும் வாசல்... பக்கத்திலேயே ஒரு கன்றும் இருக்கட்டும்!

2016 டிசம்பர் 12, திங்கட்கிழமை. சென்னைக்காரர்கள் யாரும் அந்தத் தேதியை மறந்திருக்க மாட்டார்கள். வர்தா புயல் கரையைக் கடந்த நாள். அம்பத்தூரில் எங்கள் வீட்டு வாசலில் நின்ற குல்மோஹர் மரம், மதியத்துக்கு மேல் அடித்த காற்றில் நெஞ்சு உயரத்தில் முறிந்து கேட்டின் மேல் சாய்ந்தது. 'வர்தா' என்றால் ரோஜா என்று அர்த்தம். பாகிஸ்தான் கொடுத்த பெயர் அது. ரோஜா என்ற பெயரில் வந்த காற்று எங்கள் தெருவில் மட்டும் ஏழு மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது.

பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஏடிஎம் வாசலில் எல்லாம் வரிசை. கையில் இருந்த பணத்துக்கு மரம் அறுப்பவர்கள் வந்து, கிளையைக் கழித்து, மரத்தைத் துண்டு போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். வேரைத் தோண்டி எடுக்கத் தனிக் கூலி. ஜேசிபி விட்டால் காம்பவுண்டுச் சுவரும் கூடவே வந்துவிடும் என்றார்கள். அதனால் முழங்கால் உயரத்துக்கு ஒரு அடிக்கட்டை வாசலிலேயே நின்றுவிட்டது.

"அது கெடக்கட்டும்மா. அவர் வச்ச மரம். உக்கார ஒரு எடமாவது இருக்கட்டும்" என்றார் அத்தை.

அந்த மரத்தை மாமா வைத்தது, வீடு கட்டிக் குடிவந்த வருடம். மாமா காலமாகி அப்போது மூன்று வருடம் ஆகியிருந்தது. மரமும் போய்விட்டது. கட்டையாவது இருக்கட்டும் என்று அத்தை நினைத்ததில் தப்பு சொல்ல முடியவில்லை. தினமும் சாயங்காலம் அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்வார்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் உள்தெருக்களில் நடந்து பாருங்கள். இப்படி அடிக்கட்டை நிற்கும் வாசல்கள் நிறைய உண்டு. புயலில் விழுந்தது, வீட்டை இடித்துக் கட்டும்போது வெட்டியது, தேங்காய் யார் தலையிலாவது விழும் என்று வெட்டிய தென்னை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம். அந்தக் கட்டையை அழகான பூந்தொட்டியாக மாற்றலாம். நாங்கள் மாற்றினோம். முதல் தடவை தப்பாகச் செய்து மாட்டிக்கொண்டோம். அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

மரத்தின் பெயரைச் சுமக்கும் ஊர்கள்

எங்கள் பக்கத்து ஊர்ப் பெயர்களிலேயே செடியும் கொடியும் இருக்கின்றன. திருவேற்காடு என்பது வேல மரங்கள் நிறைந்த காடு. பூந்தமல்லியின் பழைய பெயர் பூவிருந்தவல்லி. காஞ்சி வரதருக்குப் பூத்தொண்டு செய்த திருக்கச்சி நம்பியின் ஊர் அது. திருமுல்லைவாயிலுக்கு முல்லைக் கொடியால் பெயர் வந்தது. தொண்டைமானின் யானைக் காலில் முல்லைக் கொடி சிக்க, அதை வாளால் வெட்டியபோது சிவலிங்கம் வெளிப்பட்டது என்பது தல வரலாறு.

அந்த மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போனால் சந்நிதிக்கு முன்னால் இரண்டு தூண்களைக் கவனியுங்கள். கல் இல்லை, வெள்ளெருக்கு. வேலியோரம் புதராக நிற்கும் எருக்கில் தூண் செய்யும் அளவுக்கு அடிமரம் இருந்திருக்கிறது! தோற்ற குறும்பர்களின் கோட்டையிலிருந்து தொண்டைமான் கொண்டுவந்தவை என்று சொல்வார்கள். அடிமரத்துக்கு இரண்டாவது வேலை கொடுப்பது நம் ஊருக்குப் புதிதல்ல.

வெளிநாட்டிலும் இந்த ஆசை உண்டு. 1856-ல் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷயரில் உள்ள பிடல்ஃப் கிரேஞ்ச் தோட்டத்தில், வேரோடு பெயர்த்த அடிக்கட்டைகளை அடுக்கி, இடுக்குகளில் பெரணிச் செடிகளை வளர்த்தார்கள். விக்டோரியா மகாராணி காலத்தில் அது பெரிய நாகரிகமாகப் பரவியது. இப்போதைய மன்னர் சார்லஸின் ஹைகுரோவ் தோட்டத்திலும் அப்படி ஒரு பகுதி இருக்கிறது.

முதலில் பாருங்கள்... செத்த கட்டையா, உயிருள்ள கட்டையா?

உளியை எடுப்பதற்கு முன்னால் இதைப் பார்த்துவிடுங்கள். மேலே வெட்டிவிட்டதால் மரம் செத்துவிட்டது என்று அர்த்தமில்லை. வேம்பு, புங்கன், பூவரசு, முருங்கை போன்றவை வெட்டிய இடத்திலிருந்து மறுபடி துளிர்க்கும். வேர் ஏற்கெனவே பூமிக்குள் பரவியிருப்பதால், புதுக் கன்றைவிட அந்தத் துளிர் வேகமாக வளரும்.

பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையாக, ஈரமாக இருந்தால் உயிர் இருக்கிறது. ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுத்துப் பாருங்கள். துளிர் வந்தால் திடமான ஒன்றிரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். அங்கே தொட்டி வேண்டாம். மரமே திரும்பி வருகிறது, வரட்டும்.

எங்கள் குல்மோஹர் துளிர்க்கவில்லை. இரண்டு மழைக்காலம் போன பிறகு நடுப்பகுதி விரலால் நோண்டினாலே உதிர்ந்தது. அது செத்துப்போனது அத்தைக்கும் அப்போதுதான் மனசுக்குப் பட்டது.

இன்னொன்று. கட்டை உங்கள் காம்பவுண்டுக்கு வெளியே தெருவோரத்தில் இருந்தால் அது உங்கள் சொத்தல்ல. அம்பத்தூர் 2011 முதல் சென்னை மாநகராட்சியில் இருக்கிறது. ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது. எந்த ஊராக இருந்தாலும் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கை வையுங்கள்.

தென்னங்கட்டை என்றால் கூடுதல் கவனம்

தென்னைக்கு உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அதை வெட்டிவிட்டால் மறுபடி துளிர்க்காது. வெளிப்புறம் கடினமாகவும் உள்ளே மெத்தென்றும் இருப்பதால் குடைவதும் சுலபம். ஆனால், இரண்டு விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

மரம் நோயில் பட்டுப்போய் வெட்டியதா என்று யோசியுங்கள். அடித்தண்டில் செம்பழுப்பு நிறச் சாறு வடிந்திருந்தாலோ, தட்டுத் தட்டாகக் காளான் முளைத்திருந்தாலோ அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். 1952 புயலுக்குப் பிறகு தஞ்சை மாவட்டத்தில் கவனிக்கப்பட்டதால் அந்தப் பெயர். அந்தப் பூஞ்சை மண் வழியாகப் பக்கத்துத் தென்னைக்கும் போகும். அப்படிப்பட்ட கட்டையை வேரோடு அகற்றுவதுதான் சரி.

அடுத்தது காண்டாமிருக வண்டு. தென்னையின் குருத்தைத் துளைக்கும் இந்த வண்டு முட்டையிடுவது எருக்குழியிலும் மக்கிய தென்னங்கட்டையிலும்தான். குடையும்போது கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள் சுருண்டு கிடந்தால், எல்லாவற்றையும் பொறுக்கி அழித்துவிடுங்கள். உங்கள் பூந்தொட்டி, அடுத்த வீட்டுத் தென்னைக்கு எமனாகிவிடக் கூடாது.

எந்த மரமாக இருந்தாலும் கரையான் புற்று இருக்கிறதா என்று சுற்றிலும் பாருங்கள். கட்டை வீட்டுச் சுவரை ஒட்டியே இருந்தால் தொட்டி ஆசையை விட்டுவிடுவது நல்லது. ஈரமான கட்டையில் குடியேறும் கரையான், அடுத்து உங்கள் நிலைக்கதவைத் தேடி வரும்.

குடைவது எப்படி?

நல்ல உளி, சுத்தியல், டிரில்லிங் மெஷின் போதும். கட்டை கடினமாக இருந்தால் ஒரு தச்சரை அரைநாள் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

* ஓரத்தில் 2 முதல் 3 அங்குலம் வரை சுவர் விட்டு வட்டம் வரையுங்கள். சுவர் மெலிந்தால் வெயிலில் வெடித்துவிடும்.

* வட்டத்துக்குள் டிரில்லால் நெருக்கமாகத் துளைகள் போட்டுவிட்டு, உளியால் பெயர்த்து எடுங்கள். 8 முதல் 10 அங்குல ஆழம் இருந்தால் கீரை, பூச்செடி எல்லாம் வளரும்.

* அடியில் துளை போட்டால் அது வேர்க்கட்டைக்குள்தான் போகும், தண்ணீர் இறங்காது. அதனால் பக்கவாட்டில் போடுங்கள். குழியின் அடிமட்டத்துக்கு நேராக, வெளிப்பக்கம் சரிவாக இருக்கும்படி, விரல் தடிமனில் நான்கு துளைகள்.

* உள்ளே துளையின் வாயில் உடைந்த ஓட்டுச் சில்லு ஒன்றைச் சாய்த்து வையுங்கள். தண்ணீர் போகும், மண் நிற்கும்.

* மண் போடுவதற்கு முன் ஒரு பக்கெட் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஐந்து நிமிடத்தில் வடிய வேண்டும். வடியவில்லை என்றால் துளையைப் பெரிதாக்குங்கள்.

கட்டை சீக்கிரம் மக்கட்டும் என்று ஆசிட் ஊற்றுவது, உப்பைக் கொட்டுவது, மண்ணெண்ணெய் விட்டு எரிப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். அப்புறம் அந்த மண்ணில் செடி பிழைப்பது கஷ்டம்.

கொசுப்புழுவில் மாட்டிக்கொண்டோம்!

நாங்கள் செய்த தப்பு அந்தப் பக்கவாட்டுத் துளைகளை விட்டதுதான். 2018-ல் வீட்டுக்காரரும் பையனும் சேர்ந்து இரண்டு ஞாயிற்றுக்கிழமை உழைத்துக் குடைந்தார்கள். மண்ணை நிரப்பி, பத்துமணிப் பூச்செடியை நட்டோம். அத்தைக்கு அவ்வளவு சந்தோஷம். உட்கார இடம் போனதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார்.

ஐப்பசி மழை வந்தது. மண் அமுங்கி, மேலே இரண்டு அங்குலத்துக்குத் தண்ணீர் தேங்கியது. செடி அழுகியது. அதைவிட மோசம், வீடு வீடாகக் கொசுப்புழு பார்க்க வந்த ஊழியர் டார்ச்சை அடித்துவிட்டு, "இங்க வந்து பாருங்கக்கா" என்று கூப்பிட்டார். தெளிந்த தண்ணீரில் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. மாடித் தொட்டியையும் ஃபிரிட்ஜ் அடித்தட்டையும் வாராவாரம் தேய்த்துக் கழுவிய எங்கள் வீட்டில், வாசலிலேயே கொசுப்பண்ணை!

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு மரப்பொந்து மிகவும் பிடித்த இடம். தண்ணீருக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டையிடும். தண்ணீர் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரியும். முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். சென்னையில் மழை பெரும்பாலும் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அந்த மூன்று மாதமும் வாரம் ஒருமுறை தொட்டியைப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் ஒரு கம்பியை விட்டுத் துளை அடைப்பை எடுங்கள்.

நாங்கள் மண்ணை எல்லாம் அள்ளிவிட்டு, உட்சுவரைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, நான்கு துளைகள் போட்டு, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

மண் கலவையும் செடிகளும்

செம்மண், மக்கிய தேங்காய் நார்க் கழிவு, மண்புழு உரம் மூன்றும் சம பங்கு. அதோடு இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. அடியில் ஜல்லி கொட்டினால் தண்ணீர் வேகமாக வடியும் என்று பலர் நினைக்கிறார்கள். வடிவதற்குத் துளைதான் வேண்டும். ஜல்லி, வேர் இறங்கும் இடத்தைத்தான் குறைக்கும். குடைந்தெடுத்த மரத்தூளையும் திரும்பப் போடாதீர்கள்.

நட்ட சில வாரங்களில் இலைகள் வெளிறி மஞ்சளாகலாம். காரணம் இருக்கிறது. மரத்தை மக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து தேவை. பக்கத்து மண்ணிலிருந்து அதை எடுத்துக்கொள்கின்றன. செடிக்குப் பற்றாக்குறை வருகிறது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்துக் கரைத்த தண்ணீரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் சரியாகிவிடும்.

நல்ல வெயில் படும் வாசல் என்றால் பத்துமணிப் பூ, நித்தியகல்யாணி, துளசி வைக்கலாம். பாதி நிழல் என்றால் கற்பூரவல்லி, புதினா, பெரணி. சமையலுக்கு வேண்டும் என்றால் வெந்தயக்கீரை, சிறுகீரை. ஓரத்தில் பசலைக் கொடியை நட்டால் கட்டையை மூடிக்கொண்டு தொங்கும். செடிகள் பூந்தமல்லி பக்கத்து நர்சரிகளிலேயே கிடைக்கும்.

பறவை எச்சத்தில் விழுந்து அரசும் ஆலும் முளைத்தால், இரண்டு இலையாக இருக்கும்போதே பிடுங்கிவிடுங்கள். விட்டால் கட்டையைப் பிளந்துகொண்டு சுவருக்குள்ளும் வேர் விடும். மழைக்குப் பிறகு கட்டையில் காளான் பூக்கும். செடிக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் யாரும் சமைத்துவிடக் கூடாது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் உடனே பிடுங்கிப் போட்டுவிடுங்கள்.

மரச்சுவர் ஈரத்தை உறிஞ்சும் என்பதால் கோடையில் காலையும் மாலையும் தண்ணீர் வேண்டும். 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே வறண்டு கிடந்தது. குடிக்கிற தண்ணீருக்கே லாரியை எதிர்பார்த்துக் குடத்தோடு நின்ற நாள்கள். அரிசி களைந்த தண்ணீரையும் காய்கறி கழுவிய தண்ணீரையும் அத்தை ஒரு சொட்டு வீணாக்காமல் கட்டைக்குத்தான் ஊற்றினார். மேல்மண்ணில் காய்ந்த சருகைப் பரப்பி வைத்தோம். பூச்செடி பிழைத்தது.

தொட்டிக்கும் ஒரு ஆயுள்

இந்தத் தொட்டி நிரந்தரமானது அல்ல. மரம் உள்ளேயிருந்து மக்கிக்கொண்டேதான் இருக்கும். குல்மோஹர் போன்ற மெத்தென்ற மரம் சில வருடங்கள் தாங்கும். வேம்பு, புளி போன்ற வைரம் பாய்ந்த கட்டை இன்னும் அதிக காலம் நிற்கும். அந்தக் காலத்தை வீணாக்காமல், பக்கத்திலேயே ஒரு மரக்கன்றை நட்டுவிடுங்கள். ஒரு தொட்டிப் பூ வாசலுக்கு அழகு. ஆனால், அது நிழல் தராது.

கட்டைக்குள்ளேயே கன்றை வைக்கக் கூடாது. மக்கும் கட்டைக்குள் வேருக்குப் பிடிமானம் கிடைக்காது. நான்கைந்து அடி தள்ளி, இரண்டு அடிக் குழி எடுத்து நடுங்கள். என்ன மரம் என்பதிலும் கவனம் வேண்டும். குல்மோஹர் மடகாஸ்கரிலிருந்து வந்தது. மே மாதத்தில் அதன் சிவப்பு அழகுக்கு ஈடில்லைதான். ஆனால் கிளை பலமில்லாதது, புயலில் எளிதில் முறியும். வீட்டு வாசலுக்குப் புங்கன், வேம்பு, பூவரசு போன்ற நம் மரங்கள் பொருத்தமானவை. அதைவிட முக்கியம், மரத்தைச் சுற்றி மூன்றடிக்காவது மண்ணை விட்டு வையுங்கள். அடிமரம் வரை சிமென்ட் பூசி, கால்வாய்க்கும் கேபிளுக்கும் வேரை வெட்டிவிட்டு, காற்றில் மரம் விழுந்துவிட்டதே என்று அழுது பயனில்லை. எங்கள் குல்மோஹரைச் சுற்றிலும் சிமென்ட் பூசியது நாங்கள்தான்.

2019 மழைக்காலத்தில் புங்கன் கன்று வைத்தோம். "இது நெழல் தர்றதுக்குள்ள நான் இருப்பேனா?" என்று கேட்டுக்கொண்டேதான் அத்தை தண்ணீர் ஊற்றினார். 2022 வாக்கில் கட்டையின் ஒரு பக்கச் சுவர் இற்று விழுந்தது. பூச்செடிகளைத் தொட்டிகளுக்கு மாற்றிவிட்டு, உதிர்ந்த கட்டையையும் மண்ணையும் அள்ளிப் புங்கனின் காலடியிலேயே போட்டோம். கறுப்பாக, மெதுமெதுவென்று, மண்புழு நெளியும் உரமாகியிருந்தது மாமா வைத்த மரம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளத்தில் மிதந்தது. எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். இரண்டு நாள் மின்சாரம் இல்லை. ராத்திரி முழுக்க ஜன்னல் வழியாகப் புங்கனையே பார்த்துக்கொண்டிருந்தோம். ஆடியது, ஒரு பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்தது. விழவில்லை. தண்ணீர் வடிந்ததும் பையன் முதல் வேலையாக ஒரு கம்பு நட்டு நிமிர்த்திக் கட்டினான்.

இப்போது மாடி ஜன்னலை எட்டிவிட்டது. வெயில் தாழ்ந்ததும் அத்தை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கீரைக்கட்டோடு அதன் கீழேதான் போய் உட்காருகிறார். உங்கள் வாசலில் அடிக்கட்டை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பட்டையைச் சுரண்டிப் பாருங்கள். பச்சை இருந்தால் காத்திருங்கள். இல்லையென்றால் உளியை எடுங்கள். இரண்டில் எதுவானாலும் ஒரு கன்றுக்கும் சேர்த்துக் குழி தோண்டிவிடுங்கள்!